தூண்டில் கோலுக்குச் சைவப் பசை

எனக்கு ஒரு வியாதி உண்டு. "இது யாருக்காவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் என் வலது கை தானாக மேலே போய்விடும். மூளைக்குத் தகவல் போவது அதற்கப்புறம்தான். பள்ளி ஆண்டு விழாவில் "மைக் செட் யாரு பாத்துப்பீங்க?" என்றதற்குத் தூக்கினேன். தலைமை ஆசிரியர் பேசிய இருபது நிமிடமும் ஊமைப்படமாக ஓடியது. கல்லூரி டூரில் "ரூட் யாருக்குத் தெரியும்?" என்றதற்குத் தூக்கினேன். ஏற்காடு கிளம்பிய பஸ் ஏலகிரியில் போய் நின்றது. (ரெண்டும் மலதானன்னு சொல்லி சமாளிச்சேன். யாரும் சமாதானம் ஆவல.)

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மீன் பிடிக்கிற தூண்டில் கோலின் கைப்பிடியை ரிப்பேர் செய்து தருகிறேன் என்று கை தூக்கியதைத்தான் என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. அது ஏன் அவ்வளவு பெரிய குற்றம் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சிப் பக்கம் பூர்வீகம், இப்போது திண்டிவனம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். மீன், கறி, முட்டை என்பதெல்லாம் எங்கள் வீட்டில் வாயில் வரக்கூடாத சொற்கள். அம்மா உருளைக்கிழங்குகூட வாங்க மாட்டார், மண்ணுக்குள்ளிருந்து பிடுங்கும்போது எத்தனை உயிர் சாகுமோ என்று. (மல்லாட்டையும் மண்ணுக்குள்ளதான் கீதுன்னு அப்பா முன்னாடி யாரும் கேக்க மாட்டோம்.) பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். கரப்பான் பூச்சி வந்தால் முறத்தில் ஏற்றி, தெருமுனை வரை நடந்துபோய் இறக்கிவிட்டு வருவார். (அம்மா திரும்பி வர்றதுக்குள்ள அது ஊட்டுக்கு வந்துடும். அது வேற விஷயம்.)

இப்படிப்பட்ட குலத்தில் உதித்த நான், பி.இ. மெக்கானிக்கல் படித்து முடித்து, விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். ஆறு மாதம் பயிற்சி. ஆறாவது மாத முடிவில் மேனேஜர் குமரேசன் சார் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் நேராக அப்பாவின் குடோன்.

"வேல போச்சின்னா கவலப்படாதடா. நம்மகிட்ட மல்லாட்ட கீது" என்று அப்பா வாரம் ஒருமுறை சொல்வார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டல் மாதிரியே கேட்கும். நாலு வருடம் எஞ்சின் படித்துவிட்டு மூட்டைக்கு வாய் தைக்க எனக்கு மனசில்லை.

கையெழுத்துப் போட வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம். குமரேசன் சார் கேபினிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு தூண்டில் கோல். சாருக்கு மீன் பிடிப்பது பொழுதுபோக்கு அல்ல, பக்தி. அந்தக் கோல் அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அதன் கைப்பிடி முழுக்கத் தக்கை. பாட்டில் மூடியில் வருமே, அதே கார்க். அதை வளையம் வளையமாக வெட்டிக் கோலில் கோத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, வழவழவென்று இழைத்திருப்பார்கள். ஈரக் கையிலும் வழுக்காது, எடையும் தெரியாது.

இதெல்லாம் புதிதாக இருந்தபோது. நான் பார்த்த அன்று, இறால் இரையும் மீன் செதிலும் சாருடைய வியர்வையும் நாலு வருடமாக ஏறி அது தோசைக்கல் நிறத்தில் இருந்தது. அங்கங்கே தக்கை பெயர்ந்து அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம்.

"நாயித்துக்கெழம மரக்காணத்துல எனக்கும் எம் மச்சானுக்கும் போட்டி" என்றார் சார். "போன தடவ அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'மாமா, உங்க ராட விட எங்க ஊட்டு தொடப்பக்கட்ட நல்லா கீது'ன்றான். எங்கூட்டுக்காரி முன்னாடி! அவளும் சிரிக்கறா. இந்த கைப்புடிய சரி பண்ண யாருக்காவது தெரியுமாய்யா?"

கை. மேலே.

"நீயா விமலு? உனக்கு கார்க்கு பத்தில்லாம் தெரியுமா?"

"ஃபைனல் இயர் ப்ராஜெக்டே அதான் சார்."

(என் ப்ராஜெக்ட் கரும்பு ஜூஸ் மெஷின். கடைசி வரைக்கும் அதுல ஜூஸ் வரல.)

சார் முகம் மலர்ந்தது. "நெனச்சேன்யா. அம்மா கையால மீன் கொழம்பு சாப்ட்டு வளந்த பையன், உனக்கு தூண்டில பத்தி தெரியாமலா போவும்?"

இங்கே இன்னொரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "மீன் சாப்புடுவியா?" என்று சார் கேட்டார். 'இல்ல' என்று ஒரு சொல் போதும். நானோ, "எங்கம்மா மீன் கொழம்பு வெச்சா தெருவே மணக்கும் சார்" என்றேன். வேலை நிரந்தரம் ஆகிற வரைக்கும் சாருக்குப் பிடித்தவனாக இருந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு நான் ஜெனரேட்டர் ரூம் பின்னால் ஒளிந்துகொள்வேன், டப்பாவில் புடலங்காய்க் கூட்டு இருப்பது யாருக்கும் தெரியாமல்.

"நாளைக்கி நீ வேலைக்கி வராத. ஊட்லயே உக்காந்து இத முடி" என்றார் சார். "நாயித்துக்கெழம காலைல மரக்காணம் போற வழில திண்டிவனத்துல உங்கூட்டாண்ட வந்து நானே வாங்கிக்கறேன். திங்கக்கெழம உன் ஃபாரம் என் டேபிளுக்கு வர்து. ஞாபகம் கீது இல்ல?"

ஞாபகம் இருந்தது. வேறு எதுவுமே ஞாபகத்தில் இல்லை.

கோலை ரெண்டு துண்டாகக் கழற்றித் துணி உறையில் போட்டுத் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்து உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்து, "இன்னாப்பா இது, துப்பாக்கியா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். தூண்டில் என்று சொல்லி, பக்கத்தில் யாராவது அப்பாவுக்குத் தெரிந்தவர் இருந்துவிட்டால்? துப்பாக்கி என்றால்கூட வீட்டில் காரணம் கேட்பார்கள்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் கண்டாச்சிபுரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் தங்கச்சி மஞ்சுவும் மட்டும். அவள் காலேஜ் ரெண்டாம் வருடம், பேட்மிண்டன் டீம். பிளாக்மெயிலில் மாநில அளவு.

"அது இன்னாடா அண்ணா?"

"ஆபீஸ் சாமான்."

"ஆபீஸ்ல மீன் புடிக்கறீங்களா?"

அடுத்த நிமிடம் என் ஸ்கூட்டர் ஒரு மாதத்துக்கு அவள் வசமானது.

தக்கைக் கைப்பிடியை ரிப்பேர் செய்வது எப்படி என்று ஒரு வெளிநாட்டுக்காரர் பொறுமையாகச் சொல்லித் தரும் வீடியோ கிடைத்தது. அதை ரெண்டு மடங்கு வேகத்தில், அங்கங்கே தாண்டித் தாண்டிப் பார்த்தேன். (நாம யாரு? எஞ்சினியரு.) பின்னாளில் முழுசாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் வேலையே எவ்வளவு சுலபம் என்று. ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு நுரை தொட்டு மெதுவாகத் துடைத்தாலே பாதி அழுக்குப் போய்விடுமாம். அதற்கப்புறமும் கறை இருந்தால்தான் உப்புத்தாள், அதுவும் ரொம்ப மெல்லிசு, முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரித் தேய்க்க வேண்டுமாம்.

நான் எடுத்தது டிராக்டர் பம்பரில் துரு சுரண்டுகிற நாற்பதாம் நம்பர் உப்புத்தாள். பத்தே நிமிடம். அழுக்கு போனது. கூடவே கைப்பிடியும் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இடுப்பு விழுந்து உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. பள்ளங்கள் எல்லாம் குழிகளாகப் பதவி உயர்வு பெற்றிருந்தன.

"பூசாரி கையில குடுத்தா ஆடிக்கினே அடிப்பாரு" என்றாள் மஞ்சு.

பயப்படவில்லை. வீடியோவில் அதற்கும் வழி இருந்தது: தக்கைத் தூளைப் பசையில் குழைத்துக் குழிகளில் அடைக்க வேண்டும். தக்கைக்கு எங்கே போவது? என் கண் மஞ்சுவின் ஷட்டில் காக் டப்பா மேல் விழுந்தது. ஷட்டில் காக்கின் அடிப்பாகம் அத்தனையும் நயம் தக்கை. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆறு ஷட்டிலின் தலையைக் கொய்து, அம்மாவின் சட்னி ஜாரில் போட்டு மிக்ஸியை ஓட்டிவிட்டேன்.

"டேய் அண்ணா! அது டோர்னமென்ட் ஷட்டில்டா பாவி!"

ஸ்கூட்டர் ரெண்டு மாதமானது.

தூள் தயார். அடுத்தது பசை. இங்கேதான் என் ரத்தத்தில் ஊறியது வேலையைக் காட்டியது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் பசை, ஜெல்லி, கேப்சூல் என்று எது வந்தாலும் அம்மா ஒரு கேள்வி கேட்பார்: "இதுல எலும்பு கிலும்பு கலக்கறாங்களாடா?" அந்தக் கேள்வி எனக்குள் எப்படிப் பதிந்திருந்தது என்று ஹார்டுவேர் கடையில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

"அண்ணே, இந்தப் பசை சைவமாண்ணே?"

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன், தோசைக்கி தொட்டுக்கப் போறியா?"

"இல்லண்ணே. சில பசைல மாட்டு எலும்பு, தோலுல்லாம் போட்டு காச்சுவாங்களாமே."

"தம்பி, இருவது வருசமா கடை வெச்சிக்கினு கீறேன். பசைக்கு ஜாதகம் கேட்ட மொத ஆளு நீதான். எதுக்கு, சாமி படம் ஒட்டவா?"

"தூண்டில் ராடுக்குண்ணே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த ஆளைப் பார்த்து, "உனக்கு இன்னாப்பா?" என்றார்.

மீனைத் தொண்டையில் முள் குத்திக் கரைக்கு இழுக்கிற சாதனத்துக்குச் சைவப் பசை தேடுகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. பசை வாங்காமலே திரும்பினேன். வீட்டிலேயே சுத்த சைவமாக ஒன்று செய்துவிடலாம் என்று ஒரு யோசனை. மைதாவைக் காய்ச்சினால் பசை. ஆனால் அது பலமாக நிற்க வேண்டுமே? செஞ்சிக் கோட்டை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் கலந்துதான் சுவர் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கோட்டையே நிற்கிறது, ஒரு முழக் கைப்பிடி நிற்காதா?

கடுக்காய் இல்லை. வெல்லம் இருந்தது. நிறையப் போட்டேன். நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும்.

வாணலியை எட்டிப் பார்த்த மஞ்சு, "கொஞ்சம் ஏலக்காயும் போட்டுடு. கொழுக்கட்டைக்கி பூரணம் ரெடி" என்றாள்.

அதைத் தக்கைத் தூளோடு பிசைந்து குழியெல்லாம் அடைத்து, இடுப்பு விழுந்த இடத்தில் சதை போட்டு, தடவித் தடவி உருட்டினேன். இருபத்து நாலு மணி நேரம் காயவிடுங்கள் என்றார் வீடியோக்காரர். அவர் ஊர் வெயிலுக்கு அது சரி. திண்டிவனத்து மொட்டைமாடியில் மூன்று மணி நேரம் போதும் என்று நானே மாற்றிக்கொண்டேன். கடைசியாக மெருகுக்கும் ஈரம் இறங்காமல் இருக்கவும் ஆளி விதை எண்ணெயை ஒரு பொட்டு தடவித் துடைத்து எடுக்கச் சொன்னார். ஆளி விதைக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருந்தது செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய். எண்ணெய்க்கு எண்ணெய். அது காயவே காயாத எண்ணெய் என்பதும், பொட்டு என்பது பொட்டுதான், அரைக் கரண்டி இல்லை என்பதும் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க அற்புதமாக இருந்தது. தங்கத்தில் செய்த கைப்பிடி மாதிரி மின்னியது. போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். அரை நிமிடத்தில் குரல் செய்தி: "யோவ் விமலு! பிரிச்சிட்டய்யா! இத பாத்தா எம் மச்சான் மூஞ்சி எப்பிடி போவும்! உன் ஃபாரத்துல ரெண்டு கையெழுத்தா போடறேன்யா!"

அதை நான் பதினோரு தடவை கேட்டேன். பிறகு அப்பாவும் அம்மாவும் திரும்பி வருவதற்குள் கோலைக் கொண்டுபோய், வீட்டுப் பின்னால் அப்பாவின் குடோன் அறையில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் சாய்த்து ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி.

"விமலூ!"

குடோனுக்கு ஓடினேன். அப்பா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு காலைக் கீழே வைக்க இடமில்லை. சுவர் ஓட்டையிலிருந்து மூட்டைகள் வரை தரையெல்லாம் எறும்பு. வரிசை என்று சொல்ல முடியாது, ஊர்வலம். அது போய்ச் சேருகிற இடத்தில் தூண்டில் கோல் இருந்தது. கைப்பிடி கறுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை சார் என்னிடம் கொடுத்தபோது இருந்ததைவிடக் கறுப்பு. ஒரு வித்தியாசம், இந்தக் கறுப்பு அசைந்தது.

"இன்னாடா இது?"

"கம்பிப்பா."

"இன்னா கம்பி?"

நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து மஞ்சு, "மீன் புடிக்கற தூண்டில்ப்பா" என்றாள். (ரெண்டு மாச ஸ்கூட்டரு! ரெண்டு மாசம்!)

அப்பா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். நான் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தேன். ஏழு மணிக்கு சார் வந்துவிடுவார், தட்டிவிட்டால் ஒரு நிமிட வேலை.

"தொடப்பத்த கீழ போடு!" அம்மா வந்து நின்றார். "அத்தினி உசுரு கீது. ஒண்ணு செத்தாலும் இன்னிக்கி உனக்கு சோறு கெடையாது."

"அம்மா, மேனேஜர் வர்றாரும்மா. என் வேலம்மா!"

"உன் வேல போனா வேற வேல வரும். எறும்பு உசுரு போனா வருமா?"

அப்பா மெல்லக் காலை மூட்டை மேல் ஊன்றிக்கொண்டார். "மொதல்ல எறும்பெல்லாம் பத்தரமா எறங்கட்டும். உன்ன அப்பறம் கவனிச்சிக்கறேன்."

அம்மா ஒரு தட்டில் ரவையும் சர்க்கரையும் கலந்து ரெண்டடி தள்ளி வைத்தார். எறும்புகள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. வெல்லமும் மைதாவும் மல்லாட்டை எண்ணெயும் சேர்ந்த என் கோட்டைக் கலவைக்கு முன் வெறும் சர்க்கரை எம்மாத்திரம்? கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. கோலைத் தூக்கி முற்றத்தில் ஒரு துணி மேல் படுக்க வைத்து, நாங்கள் நாலு பேரும் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, ஊதினோம்.

"மெதுவா ஊதுங்க. பயந்துக்கப் போவுது" என்றார் அம்மா.

"இந்தப் பக்கம் ஒண்ணு எறங்கிக்கினு கீது, யாரும் காலை வெக்காதீங்க" என்றார் அப்பா.

இந்த நிலையில்தான் வாசலில் கார் ஹாரன் கேட்டது. கதவு திறந்தே இருந்ததால் குமரேசன் சார் உள்ளேயே வந்துவிட்டார். தலையில் தொப்பி, கழுத்தில் கூலிங்கிளாஸ், கையில் இரை டப்பா. ஒரு குடும்பமே தன் தூண்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஏதோ பூஜை என்று நினைத்திருப்பார் போல. செருப்பைக் கழற்றிவிட்டார்.

"வணக்கம்மா. நான் விமலோட மேனேஜர். உங்கள பத்தி தம்பி சொல்லாத நாளில்ல. ஒரு நாளைக்கி உங்க கையால அந்த மீன் கொழம்ப சாப்புடணும்மா."

முற்றத்தில் ஊதுகிற சத்தம் நின்றது.

"எந்த கொழம்பு?" என்றார் அம்மா.

"மீன் கொழம்பும்மா. தெருவே மணக்குமாமே."

மஞ்சு சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சார், நாங்க நயினாருங்க, சமணருங்க. கத்திரிக்காய்ல புழு இருந்தாக்கூட அத வெளிய கொண்டும்போயி வுட்டுட்டுதான் சமைப்போம். மீனு எங்க ஊட்டுப் பக்கமே வந்ததில்ல."

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ ஆறு மாசமா ஜெனரேட்டர் ரூமாண்ட நீ இன்னாய்யா சாப்ட்டுக்கினு இருந்த?"

"புடலங்கா சார்."

அவர் இரை டப்பாவைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். அதன் மேல் நடமாடும் கூட்டத்தைப் பார்த்தார். "இது..?"

"எறும்பு சார்."

போன் அடித்தது. மச்சான். "ஜல்தி வாங்க மாமா, தண்ணி நல்லா கீது. இல்ல, ராடு சரியாவலயா?" என்கிற கேலிக் குரல் எங்கள் எல்லோருக்குமே கேட்டது. சார் பல்லைக் கடித்துக்கொண்டு கோலை எடுக்கக் குனிந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"சார், எறும்புங்கல்லாம் எறங்கனப்பறம்தான் அது எங்கூட்ட விட்டு வெளிய போவும்."

அம்மாவின் அந்தக் குரலுக்குத் தாசில்தாரே வந்தாலும் உட்கார வேண்டியதுதான். குமரேசன் சார் கால்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, ஊத ஆரம்பித்தார்.

"அவ்ளோ வேகமா ஊதாதீங்க சார். இப்பிடி, பொறந்த கொழந்த மூஞ்சில ஊதற மாதிரி."

"இப்பிடிங்களாம்மா?"

"ஆங். நல்லா வருது உங்களுக்கு."

நாற்பது நிமிடம். என்னுடைய நிரந்தர வேலையில் கையெழுத்துப் போட வேண்டியவர், எங்கள் வீட்டு முற்றத்தில், கடைசி எறும்புக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கைப்பிடி மறுபடியும் தங்கமாக மின்னியது. "இப்ப எடுத்துக்கினு போங்க" என்று அம்மா உத்தரவு கொடுத்தார். சார் என் சட்டைக் காலரைப் பிடித்து, "நீயும் வண்டில ஏறு. ஜெயிச்சாலும் தோத்தாலும் நீ என் பக்கத்துல கீற" என்றார்.

"பாக்கலாம், தொடக்கூடாது" என்று அப்பா வாசலிலிருந்து கத்தினார். மீனைச் சொன்னாரா, சாரைச் சொன்னாரா தெரியவில்லை.

மரக்காணத்தில் கழிமுகத்தின் ஓரம் மச்சான் காத்திருந்தார். கோலை உறையிலிருந்து சார் உருவியதும் அவர் கண் விரிந்தது. "மாமா, புதுசா வாங்கிட்டீங்களா?"

"நம்ம பையன் ரிப்பேர் பண்ணான்டா. கார்க்குல ப்ராஜெக்ட் பண்ணவன்" என்றார் சார். அந்த ஒரு கணம், மீன் குழம்பையும் எறும்பையும் மறந்து என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்த ஒரு கணத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

இரையைக் கோத்தார். கைப்பிடியை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடிதான் வினை. வெளியே இருந்த எறும்புகளைத்தான் நாங்கள் இறக்கியிருந்தோம். குழிகளுக்குள் என் பூரணத்தைக் குடைந்துகொண்டு போனவை உள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கோலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி, முழு வேகத்தில் முன்னால் வீசினார். அந்த நேரம் பார்த்து உள்ளே நெருக்கப்பட்டவை எல்லாம் வெளியே வந்து ஒன்றுசேர்ந்து கடித்தன. "ஆ!" என்று விரல் தளர்ந்தது. மிச்ச வேலையை மல்லாட்டை எண்ணெய் பார்த்துக்கொண்டது.

ஈட்டி எறிதலில் யாரும் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை. ரீல், நரம்பு, இரை, தங்கக் கைப்பிடி சகிதம் கோல் மொத்தமாகப் பறந்து, வெயிலில் ஒருமுறை பளிச்சிட்டு, தண்ணீருக்குள் நேராக இறங்கியது. இறங்கிய இடத்தில் வற்று, கடலைப் பார்த்து வடிகிற நீரோட்டம், இழுத்துக்கொண்டிருந்தது. ரெண்டு குமிழி வந்தது. அவ்வளவுதான்.

"மாமா" என்றார் மச்சான், "மீன புடிக்கலாம்னு வந்தா, நீங்க அடிச்சே போடலாம்னு வந்தீங்களா?" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சார் வீசின நிலையிலேயே நின்றார். மெதுவாக வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் நிறம், வெல்லப் பிசுக்கு, அதில் அஞ்சாறு எறும்பு கடித்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அடித்து நசுக்க இடது கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறந்த குழந்தை முகத்தில் ஊதுகிற மாதிரி, ஊதினார்.

திங்கட்கிழமை படிவம் அவர் மேஜைக்கு வந்தது. கையெழுத்து விழவில்லை. கோபத்தால் அல்ல. வலது கை பூரி மாதிரி வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை. செவ்வாய், புதன் என்று நான் தினமும் கேபின் கண்ணாடி வழியாக அந்தக் கையின் வீக்கத்தை அளந்துகொண்டிருந்தேன். அதில்தான் என் எதிர்காலம் இருந்தது. வியாழக்கிழமை கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்: மைதா, வெல்லம், ஷட்டில் காக், கரும்பு ஜூஸ், புடலங்காய்.

"பசை ஏன்யா கடைல வாங்கல?"

"அது சைவமான்னு தெரியல சார்."

கொஞ்ச நேரம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்று இருந்த கட்டத்தில், 'பழுது பார்க்கும் பணி நீங்கலாக மற்ற எல்லாப் பணிகளுக்கும் ஏற்றவர்' என்று எழுதினார். பழுது பார்ப்பது மட்டுமே நடக்கிற ஒரு இடத்தில்.

ஆக, நான் நிரந்தரம். மூன்று வருடமாக முன் கவுன்ட்டரில் உட்கார்ந்து, எந்த டிராக்டருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். மெக்கானிக் அண்ணன்கள் என்னை ஸ்பேனர் இருக்கும் திசைக்கே விடுவதில்லை. டீ கிளாஸ் விரிசல் விட்டால்கூட, "விமலு பாக்கறதுக்குள்ள தூக்கிப் போடுங்கடா" என்கிறார்கள்.

அப்பாதான் இந்த விஷயத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கோல் வாரத்துக்கு நாலு மீனையாவது பிடித்திருக்கும், அது தண்ணீருக்குள் போனதால் அத்தனையும் பிழைத்தன, எல்லாம் என் பையன் புண்ணியம் என்று போகிற கல்யாணம் காதுகுத்தில் எல்லாம் சொல்கிறார். வருடம் ஏற ஏற மீனும் ஏறிக்கொண்டே போகிறது. போன மாதம் மஞ்சுவின் நிச்சயதார்த்தத்தில் அறுநூறைத் தாண்டிவிட்டது. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் குமரேசன் சார்தான் உட்கார்ந்திருந்தார். (அம்மாவுக்கு அவர் மேல் தனி மரியாதை. எங்க ஊட்ல குந்தி எறும்பு ஊதன ஒரே வெளியாளு.)

"மொத்தம் அறநூத்து சொச்சம் உசுருங்க!" என்றார் அப்பா, பந்திக்கே கேட்கும்படி.

சாருக்குப் பொறுக்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அய்யா, நான் வேற ராடு வாங்கிட்டேங்க. வாராவாரம் போய்க்கினுதான் கீறேன். அத கழிச்சி சொல்லுங்க" என்றார்.

"அப்பிடிங்களா? கார்க்கு கைப்புடிங்களா?"

"ஆமாங்க. நல்ல கார்க்கு."

அப்பா அவர் இலைக்கு இன்னொரு லட்டு வைக்கச் சொன்னார். "அது மட்டும் பெயராமலா இருக்கும்? பெயர்ந்தா வெளிய எங்கயும் குடுத்துடாதீங்க சார். நம்ம பையன் கீறான்."

சார் லட்டை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியோடு அது தானாக மேலே போய்க்கொண்டிருந்தது.